கூட்டாத விறாந்தை

பங்களாவின் முன்விறாந்தையை இனிக் கூட்ட வேண்டாம் என்று துரைசாணி சொல்லியனுப்பிய காலையில், அத்தை ஈர்க்குமாற்றைக் கையில் பிடித்தபடியே நின்றாள். உத்தரவைக் கொண்டுவந்தவர் பங்களா அப்பு. சமையல் அவருடைய வேலை. கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்ததால் துரைசாணியின் பேச்சை எங்களிடமும் எங்கள் பேச்சை அவளிடமும் சுமந்து செல்வதும் அவர் வேலையாகியிருந்தது.

"தொடப்பமே படக்கூடாதாம். சருகு கெடந்த எடத்துலயே கெடக்கணுமாம்."

"யாரு செத்தது?" என்று கேட்டாள் அத்தை.

அப்பு சிரிக்கவில்லை. "அதெல்லாம் நம்மகிட்ட சொல்லுவாங்களா?" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

அத்தை கேட்டதில் பிழையில்லை. எங்கள் ஆட்களில் ஒரு வீட்டு வாசலைக் கூட்டாமல் விடுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. உள்ளே ஓர் உடல் கிடக்க வேண்டும். அது வெளியே போகும்வரை விளக்குமாற்றைத் தொடமாட்டார்கள், கோலம் போடமாட்டார்கள். மற்ற நாட்களில், காய்ச்சலில் கிடப்பவள்கூட எழுந்து வாசலை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் திரும்பப் படுப்பாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. எல்கடுவைப் பக்கத்து மலையொன்றில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், மழை நாளில் சரிவில் விழுந்து இடது காலை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. மாமா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். மலையேற முடியாத ஒருத்தியின் பேரைத் தோட்டத்துப் பதிவில் வைத்திருக்க மாட்டார்கள். பேர் இல்லாதவர், கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஓர் இரவுகூடத் தங்க முடியாது. பெரிய கங்காணியின் காலில் விழுந்து அப்பா வாங்கிக் கொடுத்ததுதான் பங்களாவில் வாசல்கூட்டி வேலை. அந்த ஈர்க்குமாறு இருக்கும்வரை எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் அத்தைக்கு இடம் உண்டு. இது எனக்கும் தெரியும். வீட்டில் அடிக்கடி சொல்லப்பட்ட விஷயம் அது.

அம்மாவும் அப்பாவும் விடியுமுன், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போய்விடுவார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அத்தை என்னையும் பங்களாவுக்குக் கூட்டிப்போவாள். அதனால் அந்த விறாந்தை மாறியதை ஆரம்பத்திலிருந்தே பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

துரையைக் கல்யாணம் செய்துகொண்டு துரைசாணி அந்த வருடம்தான் சீமையிலிருந்து வந்திருந்தாள். இளவயது. ஐப்பசி பிறந்ததும் அவளுக்கு ஏதோ வேகம் வந்தது. கீழ்ப்பிரிவில் கொக்கோ மரங்கள் இருந்தன. அவற்றின் அடியில் கிடந்த அகலமான காய்ந்த இலைகளைக் கூடை கூடையாக ஆட்கள் சுமந்து வந்தார்கள். மாத்தளை றோட்டோரத்துக் கொட்டம்பா மரங்களிலிருந்து சிவந்து விழுந்த இலைகளும் வந்தன. அவை போதவில்லை. துரைசாணி ஒரு வர்ணப்பெட்டியைக் கொண்டுவந்து படியில் உட்கார்ந்து, பழுப்பாக இருந்த கொக்கோ இலைகளுக்குத் தூரிகையால் சிவப்பும் மஞ்சளும் பூசினாள். செத்த இலைக்குச் சாயம் பூசுபவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தையும் பார்த்ததில்லை.

லயத்துத் தோட்டங்களிலிருந்து வட்டக்காய்ப் பூசணிகள் வந்தன. எங்கள் ஊர் வட்டக்காய் பச்சையும் மஞ்சளும் கலந்து தேமல் விழுந்ததுபோல இருக்கும். அவள் தேடிய நிறம் அதுவல்ல என்பது, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்த விதத்தில் தெரிந்தது. இருந்தும் படிக்கு ஒன்றாக வைத்தாள். காய்ந்த சோளத்தட்டைகளைத் தலைகீழாகத் தூண்களில் கட்டச் சொன்னாள். அறுத்த கொக்கோக் காய்களைக் கூடையில் குவித்தாள். எல்லாவற்றுக்கும் நடுவே, பொழுது சாயும்போது ஒரு லாந்தரை ஏற்றி வாசற்படியில் வைத்தாள்.

பிற்பகல் தோறும் இடியோடு மழை வந்து சருகை நனைத்தது. மறுநாள் காலை அவள் புதுச் சருகைப் பரப்பினாள். அடியில் இருந்தது அழுகத் தொடங்கியது. அத்தை விறாந்தையைச் சுற்றியிருந்த சரளைக்கல் முற்றத்தை மட்டும் கூட்டினாள். கூட்டும்போது விறாந்தைப் பக்கம் பார்க்கவே மாட்டாள்.

"தலமாட்டு வெளக்கும் வச்சாச்சு," என்றாள் என்னிடம். "இனி என்ன சாட்சி வேணும்?"

சாட்சி தானாகவே வந்தது. ஒரு காலை நாங்கள் வேலியோரமாக வரும்போது துரைசாணி படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் ஓர் இலை. முகத்தைத் துடைக்காமலே அழுதுகொண்டிருந்தாள். சத்தம் இல்லை, தோள் மட்டும் அசைந்தது. வெள்ளை உடுப்பு அவள் எப்போதும் உடுத்துவதுதான். இப்போது அதுவும் ஒரு சாட்சியாகிவிட்டது. அத்தை என் வாயைப் பொத்தி வேலிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நெடுநேரம் நின்றோம். துரைசாணியின் பக்கத்தில் யாரும் வரவில்லை. துரை மலைக்குப் போயிருந்தார். அப்பு சன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே மறைந்தார்.

அன்று சாயந்தரம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் இதுதான் பேச்சு.

"தகப்பனா இருக்கும்," என்றாள் ஒருத்தி.

"தகப்பனுக்கு இப்படியா அழுவா? புள்ளையா இருக்கும்."

"அவளுக்குத்தான் புள்ளையே இல்லையே."

"ஒனக்கு வந்து சொல்லிட்டுத்தான் பெத்துக்குவாளா?"

குடங்கள் நிறைந்து வழிந்தன. யாரும் நகரவில்லை. அத்தை காலை நீட்டிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரா இருந்தா என்னாடி? கடலுக்கு அந்தாண்ட செத்திருக்கு, மொகத்தப் பாக்கக்கூட முடியல. பக்கத்துல ஒக்கார ஒரு பொம்பள இல்ல. எம் புருசன் செத்தன்னிக்கு இந்த லயமே வந்து எங்கூட ஒக்காந்துச்சு. இல்லாட்டி நான் அன்னிக்கே போயிருப்பேன்."

அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. துக்கம் விசாரிக்கப் போகாமல் இருப்பதற்கு எங்கள் ஆட்களிடம் நியாயம் கிடையாது. சண்டை போட்டு வருடக்கணக்காகப் பேசாதவர்கள்கூட அதற்குப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை போவது என்று முடிவாயிற்று.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. சங்கம் என்ற சொல் தோட்டங்களுக்குள் புதிதாக நுழைந்திருந்த காலம் அது. பக்கத்துத் தோட்டமொன்றில் ஆட்கள் கூட்டமாகத் துரையின் பங்களாவுக்குப் போய் நின்றதாகவும், பொலிஸ் வந்ததாகவும் பேச்சு இருந்தது. எங்கள் தோட்டத்தில் நாலுபேர் சேர்ந்து நின்றாலே கணக்கப்பிள்ளை வந்து என்ன என்று கேட்பார்.

"கூட்டமா பங்களாப் பக்கம் போகாதக்கா. காலம் சரியில்ல."

"அழப் போறதுக்குமாடா சங்கம் வைக்கணும்?"

"தொரைக்கு அழுகையும் கோசமும் ஒண்ணுதான்."

"தொரைக்கு அப்படி இருக்கலாம். அவளும் ஒரு பொம்பளதானே?" என்றாள் அத்தை. அப்பா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்காவை எதிர்த்துப் பேச அவருக்கு அவ்வளவுதான் வரும்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடித்துப் புறப்பட்டார்கள். ஒருவர் தலையிலும் பூ இல்லை. பழைய சீலை, அவிழ்ந்த கூந்தல். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. அம்மாவும் வந்தாள். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். கோணல் காலோடு ஏற்றத்தில் நடப்பது அவளுக்குக் கஷ்டம். அதனால் எல்லாரும் அவள் வேகத்துக்கே நடந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஓர் ஊர்வலம் போலவும், அத்தை அதை நடத்திச் செல்பவள் போலவும் தெரிந்திருக்க வேண்டும்.

பங்களாக் கேற்றில் காவற்காரர் வழிமறித்தார்.

"எங்க இத்தன பேரும்?"

"துக்கத்துக்கு."

அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை.

விறாந்தையில் விருந்தாளிகள் இருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டத் துரைமார் இருவரும் அவர்களில் ஒருவருடைய மனைவியும். எங்கள் துரையும் அவர்களோடு உட்கார்ந்திருக்க, துரைசாணி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் அந்தச் சோடனையைப் பார்க்கத்தான் அழைக்கப்பட்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. எங்களுக்கு அப்போது தோன்றியது வேறு: மற்ற வெள்ளைக்காரர்களும் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள், நல்லவேளை, நாங்களும் பிந்தவில்லை.

பெண்கள் வழக்கப்படி ஒன்றும் பேசாமல் படியேறி, சருகின்மேல் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுத் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள். அத்தை தொடங்கினாள்.

ஒப்பாரிக்கு இறந்தவரின் உறவுமுறை வேண்டும். அப்பா என்றோ, ராசா என்றோ, நான் பெற்ற கண்ணே என்றோ கூப்பிட்டுத்தான் அழமுடியும். அத்தையிடம் அது இல்லை. அதனால் அவள் எல்லா முறையையும் வைத்துப் பாடினாள். முதலில் ஒரு தகப்பனுக்கு அழுதாள். பிறகு ஒரு குழந்தைக்கு. பிறகு இரண்டிலும் நம்பிக்கை இல்லாமல் இப்படிப் பாடினாள்:

"ராசாவா தாயான்னு தெரியலயே – ஒன்ன
நாலுபேரு தூக்கயில பாக்கலயே."

இரண்டு சுற்றுக்குள் எல்லாருக்கும் தங்கள் தங்கள் சாவு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அம்மா இறந்துபோன என் தம்பிக்கு அழுதாள் என்று நினைக்கிறேன். அழுகை பங்களாவின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. துரைசாணி தேநீர்க் கெண்டியை வைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

துரை எழுந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. விருந்தாளித் துரைகளில் ஒருவர் கைத்தடியை எடுத்துக்கொண்டார். எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும். மலையில் ஆட்களை ஏவப் பழகிய தமிழ்.

"நிப்பாட்டு. யாரு சொல்லி வந்தது நீ? சங்கம்?"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "யாரும் சொல்லலீங்க தொரை. நாங்களாத்தான் வந்தோம்."

"என்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க."

அந்தப் பதிலைத் துரையால் நம்ப முடியவில்லை. இவ்வளவு பேர் ஒன்றும் வேண்டாமல் படியேறி வருவார்கள் என்று நினைக்க அவருக்கு இடமில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.

"கூலி பத்தாதா?"

"அதுக்கு வரலீங்க."

"அரிசியா?"

"அதுக்கும் வரலீங்க தொரை."

"அப்ப என்னா? லயம் ஒழுகுதா?"

அத்தை வாயெடுக்குமுன் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்தவள்; மடியில் குழந்தை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தவள்.

"ஒழுகுதுங்க."

பிறகு இன்னொருத்தி, "எங்க காம்பராவுலயும் ஒழுகுதுங்க," என்றாள். "புள்ளய மடியில வச்சுக்கிட்டுத்தான் தூங்குறது." "அரிசியில பாதி கல்லுங்க." "மருந்துக்குப் போனா வெரட்டுறாங்க." அழுது சிவந்த கண்களோடு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. கேட்டவர் அவர், அவர்கள் பதில்தான் சொன்னார்கள்.

அத்தை திரும்பினாள். "வாய மூடுங்கடி. துக்க வீட்டுல வந்து இதையா பேசுவாங்க?"

அதைத் துரை எப்படி விளங்கிக்கொண்டார் என்று தெரியவில்லை. ஒரு சொல்லில் கூட்டம் முழுவதும் அடங்கியதை மட்டும் அவர் பார்த்தார். அப்புவைக் கூப்பிட்டு, முன்னால் நிற்பவளின் பேர் என்ன என்று கேட்டார். அவள் அந்த விறாந்தையைப் பல மாதங்களாகக் கூட்டி வந்தவள். அப்பு பேரைச் சொன்னார்.

துரைசாணி அப்புவிடம் ஏதோ கேட்டாள். அவர் மெதுவாகச் சொன்னார். அவள் எங்களைப் பார்த்தாள், சருகைப் பார்த்தாள், கெண்டியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. நாங்கள் இறங்கிவந்தோம். கேற்றில் காவற்காரர் இன்னும் தலைப்பாகை இல்லாமல்தான் நின்றார்.

மறுநாள் பிரட்டில் அத்தையின் பேரை வெட்டிவிட்டார்கள். கூட்டம் சேர்த்து வந்து துரையை மிரட்டினாள் என்பது குற்றம். அன்று காலையே விறாந்தையைச் சுத்தமாகக் கூட்டிக் கழுவச் சொல்லி உத்தரவு போயிற்று. கூட்டியது வேறொருத்தி. வட்டக்காய்களைக் குழியில் கொட்டினார்கள் என்று சொன்னாள். பாதி அழுகியிருந்ததாம். மீதிப் பாதியைப் பற்றிப் பீலியடியில் இரண்டு நாள் பேசினார்கள்.

அப்பா பெரிய கங்காணியிடம் போனார். இரண்டாம் முறையாகக் காலில் விழுந்தார். "தொரைக்குக் கோவம்னா நான் பேசுவேன்," என்றாராம் பெரிய கங்காணி. "அவருக்குப் பயம் வந்திருச்சு. பயத்துக்கிட்ட நான் என்னா பேசுறது?" துரைசாணி தன் புருஷனிடம் ஏதாவது சொல்லிப் பார்த்தாளா என்பது தெரியாது. சொல்லியிருக்கலாம். அடுத்த ஐப்பசியில் அந்த விறாந்தையில் ஓர் இலையும் கிடக்கவில்லை. அவள் அதற்குள் சீமைக்குத் திரும்பியிருந்தாள்.

பேரை வெட்டிய அன்று சாயந்தரம் அப்பு எங்கள் காம்பராவுக்கு வந்தார். உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றே பேசினார்.

"யாரும் சாகலக்கா. அவுங்க ஊர்ல இப்ப எல செவந்து உதிர்ற காலமாம். அந்தக் காலத்துல வாசல இப்படித்தான் சோடிப்பாங்களாம். அது ஞாபகமா செஞ்சிருக்கு."

"அப்ப ஏன் அழுதுச்சு?"

"ஊர நெனச்சுத்தான்."

அத்தை சீலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏழு வயதில் தாயோடும் கைக்குழந்தையாக இருந்த அப்பாவோடும் தோணியேறி, மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்தவள். வழியில் தாயைச் சாகக் கொடுத்துவிட்டு வந்தவள் என்று அம்மா சொல்வாள்.

"அதுவும் சாவுதான்," என்றாள். "அதுக்கு அழுததுல தப்பில்ல." அதற்குப் பிறகு அவள் அந்த நாளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மாத்தளை டவுனில் எங்களுக்குத் தெரிந்த ஒரு துணிக்கடைக்காரர் இருந்தார். கடை வாசலைக் கூட்டுவதற்கும் பின்கட்டில் பாத்திரம் கழுவுவதற்கும் அத்தையை வைத்துக்கொண்டார். படுக்கச் சாக்கு அடுக்கும் அறை. அப்பா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கூடப் போனார். அத்தை என்னை முத்தமிட்டு, இனி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகச் சொன்னாள். அவளுடைய பாய் எனக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

அந்த மாதத்திலேயே தச்சர்கள் வந்து எங்கள் லயத்துக்குப் புதுத் தகரம் போட்டார்கள். கேட்காமல் வந்தது. இந்த லயத்தில் இனி யாரும் ஒழுகுது என்று சொல்லிக்கொண்டு படியேறக் கூடாது என்று துரை நினைத்திருக்கலாம். அத்தையின் பேரை வெட்டச் சொன்னவரும் தகரத்துக்கு உத்தரவு போட்டவரும் ஒருவரேதான். லயத்தில் சிலர் அதைத் திருவிழாபோலக் கொண்டாடினார்கள். அப்பா தச்சர்கள் போகும்வரை வீட்டுப் பக்கமே வரவில்லை.

மாசியில் கோயில் தேருக்கு அப்பா என்னை டவுனுக்குக் கூட்டிப்போனார். தேர் பார்ப்பதற்கு முன் துணிக்கடைக்குப் போனோம். அத்தை மெலிந்திருந்தாள். கடைத்தெருவில் வண்டிமாடுகளும் ஆட்களும் ஓயாமல் போய்வரும் இடம். கூட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அவள் நடை முன்னைவிட மோசமாகியிருந்தது. எனக்குத் தின்ன ஒரு துண்டு இனிப்புத் தொதல் வாங்கிக் கொடுத்தாள். அவளுக்குச் சொல்வதற்காகவே நான் ஒரு செய்தியை வழியெல்லாம் காத்துவைத்திருந்தேன்.

"அத்த, நம்ம லயத்துக்குப் புதுத் தகரம் போட்டுட்டாங்க."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒழுகலயா?"

"ஒரு சொட்டுகூட இல்ல. இப்பெல்லாம் மழ பேஞ்சாலும் நான் எந்திரிக்கவே மாட்டேன். ஒங்க பாயிலதான் படுக்குறேன்."

"அப்பச் சரி," என்றாள் அத்தை. என் வாயோரத்தில் ஒட்டியிருந்த தொதலைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். நெடுநேரம் துடைத்தாள்.

அப்பா தேர் பார்க்க நிற்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தோட்டத்துப் பாதையில் நடக்கத் தொடங்கினார். ஏன் கோபம் என்று எனக்குப் பிடிபடவில்லை. நல்ல செய்தியைத்தானே சொன்னேன் என்று நினைத்தபடி அவருக்குப் பின்னால் நடந்தேன்.